தேவனாம்பட்டினத்தில் செய்த குளியல் தொட்டி

என் மகன் மாலைதோறும் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பான். குளிப்பதற்காக அல்ல, குளியல் காலையிலேயே முடிந்திருக்கும். பொழுது சாயும் நேரத்தில் அவனுக்குக் கழுத்துவரை வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், காதுகள் இரண்டும் அதற்குள் மூழ்கியிருக்க வேண்டும், யாரும் பேசக் கூடாது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையின் மூலையில், இடுப்புயரத்திற்கு அறுத்து விளிம்பைத் தேய்த்த ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் இருந்தது. தண்ணீர் பிடித்து வைப்பதற்காக வாங்கியதுதான். பள்ளிக்கூட வயதில் அவனே அதைக் கண்டுபிடித்து, அவனே இறங்கி, தன்னுடையதாக்கிக்கொண்டான். உள்ளே உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தால் காதுகள் மறைந்துவிடும். முகம் மட்டும் மேலே நிற்கும், கண்கள் திறந்தபடி. ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு எழுந்து வந்து சாப்பிடுவான், தூங்குவான். அந்த ஒரு மணி நேரம் இல்லாத நாட்களில் முஷ்டியால் தன் தாடையிலேயே குத்திக்கொள்வான். நாங்கள் கையைப் பிடித்தால் மணிக்கட்டைக் கடிப்பான்.

அவனுக்கு ஆட்டிசம். இருபது வயதைக் கடந்துவிட்டான். விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சொற்களே பேசுவான். அவற்றுள் 'தண்ணி' ஒன்று.

அந்த டிரம் ஒரு மாலையில் பக்கவாட்டில் பிளந்துகொண்டது. தண்ணீர் கூடம் வரை ஓடியது. அவன் வெறும் டிரம்முக்குள் எழுந்து நின்று, வடிந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே அளவில் புதியதொன்று வாங்கி வந்தோம். பழையதில் அவன் வளர வளர அவன் உடம்பு அதன் வளைவுக்குப் பழகியிருந்தது போலும். புதியதில் இறங்கியவனால் வெளியே வர முடியவில்லை. முழங்கால்கள் சிக்கிக்கொண்டன. என் கணவர் டிரம்மைத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்து, அக்குளில் கை கொடுத்து இழுத்தார். தொடையில் தோல் உரிந்து வந்தது. அதற்குப் பிறகு அவன் டிரம்மின் பக்கம் போகவில்லை. தாடை வீங்கியது.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டலாம் என்றார். கணவருக்கு அது சரியென்று பட்டது. அவர் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேராகச் சொல்பவர்.

"புள்ள தன்னத்தானே அடிச்சிக்கிறத பாத்துக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. உனக்கு இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குத் தெம்பு இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. சில ஆண்டுகளாகவே அப்படித்தான். எது நடந்தாலும் அது எனக்குத் தெரியவரும், ஆனால் உறைக்காது. நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், புத்தகம் வந்தால் பதிந்து அலமாரியில் வைப்பதைப் போல நடப்பவற்றை உரிய இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல தொட்டி ஒண்ணு அமையுதான்னு பாத்துடலாம்ங்க. அமையலன்னா மாத்திரைய ஏத்திக்கலாம்."

அவர் ஒப்புக்கொண்டார். ஆக, தொட்டியா மாத்திரையா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

எதைச் செய்வதற்கு முன்னும் அதைப் பற்றிப் படித்துவிடுவது என் வழக்கம். குளியல் தொட்டிகள் எவற்றால் செய்யப்படுகின்றன என்று படித்தேன். எனாமல் பூசிய இரும்பு, அக்ரிலிக், கண்ணாடி நார் எனும் ஃபைபர், கல், செம்பு, ஓடு பதித்த சிமெண்டு. எது எவ்வளவு நாள் உழைக்கும், எது கறை பிடிக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். உள்ளே தலை சாய்த்திருப்பவனின் காதுக்கு எது எப்படிக் கேட்கும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அதை அவனே சொன்னால்தான் உண்டு.

கடலூரில் கட்டடங்களுக்கு வயரிங் எடுத்துச் செய்கிறான் என் தம்பி. அவனுக்குத் தெரியாத கடை அங்கே கிடையாது. ஒரு காலையில் நாங்கள் மூவரும் புறப்பட்டுப் போனோம். தம்பி எங்களைக் கூட்டிக்கொண்டு நுழைந்த கடையில் தொட்டிகள் பல்வரிசை போல வெண்மையாக நின்றன. விற்பனைக்கு நின்ற பெண் கல்லூரி முடித்த வயது. பேச்சில் நல்ல பழக்கம்.

"அக்ரிலிக்குதான் மேடம் இப்ப எல்லாரும் எடுக்கறாங்க. வெள்ள வெள்ளையாவே இருக்கும், மஞ்ச பூக்காது."

"தண்ணி ஊத்திக் காட்டும்மா," என்றான் தம்பி.

"டிஸ்ப்ளே பீசுல தண்ணி ஊத்தக் கூடாதுங்க சார்."

"சட்ட வாங்கினாகூட போட்டுப் பாக்க வுடறாங்க. இத பாக்காம எப்டி வாங்கறது?"

"இதுல நான் தண்ணி ஊத்தினா எங்க ஓனரு என் வேலைக்குத் தண்ணி தெளிச்சிடுவாரு சார்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மகன் செருப்புக் காலோடு ஒரு தொட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டான். அந்தப் பெண் 'ஐயோ' என்று வாய் திறந்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவன் கன்னத்தை உள்சுவரில் வைத்தான், முகர்ந்தான். பிறகு இடுப்பை நகர்த்தினான். அடிப்பலகை அவன் பாரத்திற்கு இலேசாக வளைந்து 'டொக்' என்றது. எங்களுக்கு அது ஒரு சத்தமே அன்று. அவன் சுடுபட்டவனைப் போலத் துள்ளி வெளியே வந்து காதைப் பொத்திக்கொண்டான். அதற்குப் பிறகு எந்த அக்ரிலிக் தொட்டியின் அருகிலும் அவனை நிறுத்த முடியவில்லை.

எனாமல் பூசிய இரும்பை விரல் மடக்கித் தட்டினான். அது சாப்பாட்டுத் தட்டு விழுந்ததைப் போல நீண்டு ஒலித்தது. முகம் சுளித்தான். செம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுச் செம்பு அண்டாவை அவன் எந்நாளும் தொட்டதில்லை. அந்தப் பெண் எங்களை வாசல்வரை வந்து அனுப்பினாள். "உங்க பையனுக்குப் புடிச்சது கெடைக்கும் மேடம்," என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சிதம்பரம் திரும்பியதும் கொத்தனாரைக் கூப்பிட்டோம். சிமெண்டில் கட்டி ஓடு பதித்துவிடலாம், பாறை மாதிரி இருக்கும், சத்தமே வராது என்றார். கணவர் அவரைக் குளியலறைச் சுவருக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கைக்கெட்டும் உயரம்வரை ஓடுகளுக்கு நடுவேயிருந்த வெள்ளைச் சிமெண்டு முழுவதும் நகத்தால் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது.

"நீங்க ஓடு ஒட்டிட்டுப் போங்க. அடுத்த வருஷம் தொட்டிய அவன் சல்லி சல்லியா பிரிச்சிக் கையில குடுத்துடுவான்," என்றார்.

இணைப்பே இருக்கக் கூடாது, ஒலிக்கக் கூடாது, வளையக் கூடாது, தண்ணீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளவும் கூடாது. சூட்டைச் சொன்னதும் கருங்கல்லும் கழிந்தது. இவற்றையெல்லாம் தம்பியிடம் தொலைபேசியில் வரிசையாகச் சொன்னேன்.

"அக்கா, நீ சொல்றதெல்லாம் சேத்துப் பாத்தா அது ஃபைபர் போட்டுதாங்க்கா, மீன் புடிக்கப் போற படகு. தேவனாம்பட்டினத்துல எனக்குத் தெரிஞ்சவரு செய்யறாரு. அலையில அடிச்சே வளையாதது, உன் புள்ள ஒக்காந்தா வளையப் போவுது?"

படகு செய்பவரின் கொட்டகை கடலைப் பார்த்தாற்போல இருந்தது. ஓலைக்குப் பதில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே கவிழ்த்தும் நிமிர்த்தியும் படகுகள். ரெசின் என்ற அந்தப் பிசின் திரவத்தின் நெடி மூக்கை அடைத்தது. என் மகன் முகம் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன், சுளிக்கவில்லை. நேராகப் போய், கவிழ்ந்து கிடந்த ஒரு படகின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றான். கையால் தட்டினான். மந்தமாக, தடிப்பாக ஒரு ஓசை, அவ்வளவுதான். மறுபடி தட்டினான். வெகுநேரம் அங்கிருந்து நகரவில்லை.

படகு செய்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைத் தம்பி சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"தொட்டியாம்மா? எஞ்சின் வக்கணுமா, துடுப்பே போதுமா?"

"இன்னா மாமா நீ," என்றான் தம்பி. அவரை அவன் மாமா என்றுதான் கூப்பிடுகிறான், உறவில்லை, பழக்கம்.

"கோச்சிக்காதம்மா. நம்ம ஜனம் எதுக்கும் சிரிச்சிடும். ஆளுக்கு ஏத்தாப்புல செய்யணும், அவ்ளோதான? புள்ளைய படுக்கச் சொல்லு."

கொட்டகைக்கு வெளியே ஈர மணலில் அவனைப் படுக்க வைத்தார்கள். மணல் அவனுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. படகு செய்பவர் ஒரு குச்சியை எடுத்து, அவன் தலையிலிருந்து தொடங்கித் தோள், முழங்கை, இடுப்பு, பாதம் என்று சுற்றிலும் கோடு இழுத்தார். அளவு எடுப்பது அவர்களுக்கு அப்படித்தான். எழுப்பிவிட்ட பிறகு, மணலில் அவன் உருவம் மட்டும் கிடந்தது. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எதுவும் தோன்றவில்லை. கால் பக்கம் இன்னும் ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் சேர்த்துக்கொண்டார்.

குறித்துச் சொன்ன நாளில் தொட்டி 'குட்டி யானை' எனும் சின்ன லாரியில் வந்து இறங்கியது. தெருவே வெளியில் வந்துவிட்டது. கடல் நீலத்தில், வெயில் பட்டு முகம் தெரியும் பளபளப்பில், ஒரு முனை அகன்றும் மறுமுனை குவிந்தும் அது ஒரு சின்னப் படகாகவே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கைகொடுக்க வந்தார்.

"என்னா மேடம், பிச்சாவரத்துல புதுசா போட்டு வுடறீங்களா?"

"டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க," என்றார் என் கணவர். அவர் வேடிக்கையாகப் பேசி நெடுநாளாகியிருந்தது.

தரையில் இறக்கி வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடியில் நடுவே, படகுகளுக்கு இருப்பது போல, ஒரு முதுகெலும்பு ஓடியது. நான் குனிந்து உள்ளே கையை விட்டேன். உள்பக்கம் முழுவதும் சாக்கு நெசவைப் போலச் சொரசொரப்பு. அங்கங்கே நார் முனைகள் இறுகி முள்ளாக நின்றன. எடுத்தபோது உள்ளங்கையில் சிவப்பாகக் கோடுகள். உடனே வலிக்கவில்லை, பிறகு அரித்தது.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. படகு செய்யும்போது அச்சுக்குள் முதலில் பூசுவதுதான் வெளிப்புறமாக நிற்கும். வழுவழுப்பெல்லாம் அந்தப் பக்கம். உள்ளே வலை கிடக்கும், மீன் கிடக்கும். அங்கே யாருக்கு மென்மை வேண்டும்? அவர் தன் வாழ்நாள் முழுவதும் தண்ணீரை வெளியே நிறுத்துவதற்காகவே செய்திருக்கிறார். தண்ணீர் உள்ளே இருக்கப் போகிறது என்று அவரிடம் சொன்னோம், அவரும் கேட்டுக்கொண்டார். அவர் கைகள் கேட்டுக்கொள்ளவில்லை. அடியில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை.

அதற்குள் என் மகன் வந்துவிட்டான். மணலில் படுத்த நாளிலிருந்து அவன் காத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். சாயங்காலமானால் வாசலில் போய் நிற்பான். வந்தவன் உள்ளே ஒரு காலைத் தூக்கி வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான். பாதத்தைப் பார்த்தான். பிறகு தொட்டியைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்து, மண்டியிட்டு, அந்த வழுவழுப்பில் கன்னத்தை வைத்துக்கொண்டான். "தண்ணி," என்றான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லை என்று அவனுக்கு விளங்கியதும் தாடையில் குத்தத் தொடங்கினான். எதிர்வீட்டுக்காரரும் என் கணவருமாக இரண்டு கைகளையும் பிடித்தார்கள். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள், இரக்கம்தான், வேறில்லை.

மறுநாள் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஒப்பந்தம் அதுதானே.

தம்பி போய்ச் சொல்லியதும் படகு செய்பவர் தானே வண்டி கொண்டுவந்து தொட்டியை எடுத்துப் போனார். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"தப்பு என்னுதுதாம்மா. தண்ணி வெளிய நிக்கறதுதான எங்க பொழப்பு. உள்ள தேச்சி, திருப்பி பூசி எடுத்தாறேன். கொஞ்சம் டைம் ஜாஸ்தி ஆவும்."

ஜாஸ்திதான் ஆனது. ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும், நெடி போக வெயிலில் கிடக்க வேண்டும். இதற்கிடையில் எங்கள் வீடு அமைதியாகிவிட்டது. மகன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கினால் விளக்கு வைத்த பிறகே எழுந்தான். எழுந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். உதட்டோரம் எச்சில் வழியும். துடைத்துவிட்டால் முகத்தைத் திருப்ப மாட்டான், முன்பெல்லாம் தள்ளிவிடுவான். தாடை வீக்கம் வடிந்தது. பொழுது சாய்ந்தாலும் 'தண்ணி' என்று கேட்பதில்லை. பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "இப்ப எவ்ளோ அடக்கமா இருக்கான் பாரேன்," என்று மகிழ்ந்து சொன்னாள்.

கணவர் ஒரு சாயங்காலம் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். பிரித்தபடியே வைத்திருந்தார். "அடிச்சிக்காம இருக்கான்ல," என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிகிறது, எதுவும் உறைக்கவில்லை என்ற முகம். அந்த முகத்தைக் கண்ணாடியில் நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவனும் என்னைப் போல் ஆகிவிட்டான் என்று தோன்றியது. அத்தனை ஆண்டுகளில் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்த ஒன்றுதான். எழுந்து போய்த் தம்பிக்குத் தொலைபேசி செய்து, நாளைக்கு நானே கொட்டகைக்கு வருகிறேன் என்றேன்.

தொட்டி வெளியில் வெயிலில் கிடந்தது. உள்ளே தேய்த்து, பூசி, மறுபடி தண்ணீர் விட்டுத் தேய்த்து, அதே நீலம் உள்ளேயும் ஏறியிருந்தது. அடி முதுகெலும்பை அறுத்துச் சமன் செய்திருந்தார்கள். படகு செய்பவரின் மனைவி ஒரு கந்தல் துணியால் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொழுமொழுன்னு ஆயிடுச்சிம்மா. தொட்டுப் பாரு," என்றார் படகு செய்பவர்.

தொட்டேன். வழுவழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மனைவி குறுக்கிட்டார்.

"அவுரு சொல்றத நம்பாதீங்கம்மா. ரெசினுல பொழங்கிப் பொழங்கி இவுரு கையும் என் கையும் மரத்துப் போச்சி. முள்ளு குத்தினாகூட ரத்தத்தப் பாத்துதான் எங்களுக்குத் தெரியும். எங்க கைக்கு எல்லாமே மொழுமொழுதான். புள்ள ஒடம்பு படப்போவுது. நீங்க உள்ள படுத்துப் பாத்துச் சொல்லுங்க."

"நானா?"

"பெத்தவங்க நீங்கதான?" என்றார், வேறு யார் என்பதைப் போல.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பி, "அக்கா, வேணாம், நான் படுக்கறேன்," என்றான். "நீ படுத்தா அது தாங்குமா மச்சான்? நாலு டன்னு போட்டே பேஜாரா பூடும்," என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னை யாரும் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிப் படுத்தேன்.

மேலே தார்ப்பாயும் வானமும் பாதிப் பாதி. வெயில் ஏறிய ஃபைபரின் வெதுவெதுப்பு முதுகில் பரவியது. முழங்கைகளை இரு பக்கமும் உரசி உரசிப் பார்த்தேன். தலையைத் திருப்பி, கன்னத்தை ஒரு சுவரில் வைத்துத் தேய்த்தேன், பிறகு மறு சுவரில். புடவைக்கு வெளியே தெரிந்த தோல் அத்தனையையும் கொண்டு அதைத் தடவித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் தோளை, பிடரியை, குதிகாலை நான் அத்தனை கவனமாக நினைத்துப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று தெரியவில்லை. இடது தோளுக்குக் கீழே ஏதோ ஒன்று இருந்தது. இருந்ததா என்றே முதலில் சந்தேகம். அசைந்தேன், இலேசாக, ஒரு மயிரிழை போலக் கீறியது.

"இங்க ஒண்ணு இருக்கு," என்றேன்.

படகு செய்பவர் குனிந்து விரலால் தேடினார். கிடைக்கவில்லை. அவர் மனைவிக்கும் கிடைக்கவில்லை. நான் படகு செய்பவரின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். பென்சிலால் குறித்துக்கொண்டார். குதிகாலுக்கருகில் இன்னொன்று. பிடரி படும் இடத்தில் சின்னதாக ஒரு மேடு. நான் சொல்லச் சொல்ல அவர் குறித்தார், தேய்த்தார். தேய்த்த இடத்தில் மறுபடி கன்னத்தை வைத்தேன். கீறிக் கீறி ஒரு பக்கக் கன்னம் எரிந்தது. எரிகிறது என்று சொன்னேன். அவர் மனைவி தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். அந்த எரிச்சல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஆலப்பாக்கம் தாண்டியும் இருந்தது. பேருந்தில் கையை அதன் மேல் வைத்துக்கொண்டே வந்தேன்.

துளை ஒன்றுதான் மீதி. தொட்டியை வீட்டில் கொண்டுவந்து இறக்கிய நாளில், தண்ணீர் வடிய அடியில் துளையிட வேண்டும் என்றதும் படகு செய்பவர் பின்வாங்கினார்.

"அது மட்டும் என்னால முடியாதும்மா. போட்டுக்கு அடியில ஓட்ட போட்டா கடலுக்குப் போறவன் பொழைக்க முடியாது."

"மாமா, இது கடலுக்குப் போவப் போறதில்ல," என்றான் தம்பி.

"உனக்குத் தெரியும். எங் கைக்குத் தெரியாதே."

தம்பிதான் துளையிட்டான். அவர் தெருவில் போய் நின்றுகொண்டு பீடி பற்ற வைத்தார். துளையிடும் சத்தம் நின்ற பிறகே உள்ளே வந்தார். கையோடு ஒரு மன்னிப்பும் கேட்டார்: ஒரு முனை குவிந்திருப்பதை மாற்ற முடியவில்லையாம், அச்சு அப்படி. காலை அந்தப் பக்கம் நீட்டிக்கொள்ளட்டும் என்றார். சரி என்றோம்.

தொட்டி ஒத்துக்கொண்டால் மாத்திரையை முதலில் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இதே அளவுதான்.

முதல் மாலை அவன் குளியலறை வாசல்வரை வந்தான். தூக்கம் கலையாத கண்களோடு தண்ணீரைப் பார்த்தான், திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நான் அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டேன். மறுநாளும் நிரப்பினேன், அன்றைக்கு வரவேயில்லை. கணவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் படும் பாடு தெரிந்தது.

பிறகொரு மாலை நிரப்பிவிட்டு நான் அடுப்படிக்கு வந்தபோது பின்னால் தண்ணீர் சலசலத்தது. ஓடிவிடாமல் மெதுவாக நடந்துபோய் எட்டிப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தான். நாங்கள் நினைத்தபடியே குவிந்த முனையில் காலை நீட்டி, அகன்ற பக்கம் சாய்ந்து பார்த்தான். நிம்மதியில்லாமல் நெளிந்தான். எழுந்து உட்கார்ந்தான். வலது கை முஷ்டியானது, பார்த்துக்கொண்டு நின்றேன். கை தாடைக்குப் போகாமல் விளிம்பைப் பற்றியது. தொட்டிக்குள்ளேயே தன்னை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டு, தலையை அந்தக் குவிந்த முனைக்குள் கொண்டுபோய் வைத்தான். இரண்டு பக்கச் சுவரும் இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் வந்தன. தலையைத் தாழ்த்தினான். காதுகள் மறைந்தன. முகம் மட்டும் மேலே.

கதவைச் சாத்தாமல் வெளியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தம்பி தொலைபேசியில் வந்தான்.

"எறங்கினானாக்கா?"

"எறங்கிட்டான்."

"அப்பா! சந்தோஷம்தான? ஏன் குரலே இல்ல உனக்கு?"

"தண்ணி ஆறாம இருக்குடா," என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்தது. விரலை விட்டுப் பார்த்திருந்தேன். நேரமாகியும் சூடு அப்படியே இருந்தது. சந்தோஷம் என்று அவன் சொன்னதை நான் தேடிப் பார்த்தேன். இல்லையென்று சொல்லிவிட முடியாத ஏதோ ஒன்று, மிகச் சிறியதாக, இடம் சரியாகத் தெரியாமல் இருந்தது.

கணவர் வந்து பக்கத்தில் நின்றார். கையில் துண்டும், இரவுக்குரிய மாத்திரை அட்டையும். உள்ளே எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பாதியா?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

"பாதி போதும்."

அட்டையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, மாத்திரையை அதன் நடுக்கோட்டில் நகத்தை வைத்து அழுத்தி உடைத்தேன். ஒரு பாதியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மற்றதை அட்டைக்குள் திருப்பிச் செருகி மூடினேன். உள்ளே தண்ணீர் அசையவில்லை.